சட்டை போட்டால் மொதலாளி

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளை எண்ணி முடிக்க யாராலும் ஆகாது. ஆனால் தன்னை எதிர்த்துத் தானே வேலைநிறுத்தம் செய்து, தன்னோடு தானே பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில் தன்னிடமே தோற்றுப்போன முதலாளி இந்த உலகத்தில் ஒருவர்தான். அந்த மகானுபாவரை நான் வருஷக்கணக்கில் என் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். சினிமாக் கொட்டகைக்குப் போகாமலே என் இளமை சந்தோஷமாகக் கழிந்ததற்கு அவர்தான் காரணம்.

அறுபதுகளின் கடைசி. ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி சர்க்கார் ஒரு தொழிற்பேட்டை கட்டியிருந்தது. வரிசையாக ஷெட்டுகள், நடுவில் ஓர் ஆபீஸ், ஆபீஸுக்கு ஒரு மேனேஜர், மேனேஜருக்கு ஒரு டைப்பிஸ்ட். அந்த டைப்பிஸ்ட் நான். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கி வேலை பார்த்தேன். மேனேஜர் தன் நிழலைக் கண்டாலும் எழுந்து நிற்கிற மனிதர். அதனால் பேட்டையில் நடந்ததையெல்லாம் கவனிக்கிற பொறுப்பு என் மேல் விழுந்தது. நானும் அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது சலுகை ஷெட். அன்றைய சர்க்கார் பாஷையில் அது அரிஜனங்களுக்கு ஒதுக்கிய ஷெட். வாடகை குறைவு, மெஷின் வாங்கக் கடன், நூல் வாங்க உதவி. நல்ல எண்ணத்தோடு போட்ட திட்டம்தான். ஆனால் அது எப்படி நடக்கும் என்று பேட்டையில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பேர் ஒருத்தருடையது, மெஷின் இன்னொருத்தருடையது, லாபமும் அந்த இன்னொருத்தருடையது. பேருக்குச் சொந்தக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு வாட்ச்மேனாக உட்கார்ந்திருப்பார்.

அந்த இன்னொருத்தராக இருக்க, அதை ஒட்டிய வடக்கு ஷெட்டுக்காரர் தயாராக இருந்தார். தோட்டம், கிணறு, இரண்டு பனியன் கம்பெனி என்று வசதியான குடும்பம். நடுச்சுவரில் எந்த இடத்தில் கதவு வைக்கலாம் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு கூடப் போட்டுவிட்டார். ஷெட் யாருக்கு என்று உத்தரவு வந்த அன்றைக்கே, எங்கள் ஆபீஸ் வராந்தாவில் வைத்து ஷெட் கிடைத்தவரிடம் விஷயத்தைப் பேசினார்.

"இங்க பாரப்பா, பேரு உன்னுது, மெஷினு என்னுது. நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும். மாசாமாசம் காசு ஊடு தேடி வரும்."

எதிரே நின்றவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார்.

"வேண்டாமுங்க. எங்கிட்டச் சொந்தமா இருக்கறதே இந்தப் பேரு ஒண்ணுதானுங்க. அதையும் வாடகைக்கு உட்டுப்போட்டா, நாளைக்கு ஆராவது கூப்புட்டா நான் திரும்பிப் பாக்கறதா, நீங்க திரும்பிப் பாக்கறதா?"

சொல்லிவிட்டு, "வரட்டுங்களா, பக்கத்து மொதலாளி?" என்று கும்பிட்டுக் கிளம்பினார். முந்தின நாள் வரை அவரும் அவர் காலனிக்காரர்களும் வடக்கு ஷெட்டுக்காரரைப் 'பண்ணாடி', அதாவது ஆண்டை, என்றுதான் கூப்பிட்டார்கள். வடக்கு ஷெட்டுக்காரர் முகம் பச்சை மிளகாயைக் கடித்தது மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து பேட்டை முழுக்க இந்த ஒல்லி மனிதரை 'மொதலாளி' என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். அவர் வாடகைக்கு விட மறுத்த பேரை நான் இங்கே ஓசியில் எடுத்து விட விரும்பவில்லை.

அவிநாசிபாளையத்துப் பக்கம் ஒரு காலனி அவருக்கு. சின்ன வயதில் சலவைப்பட்டறையில் ஈரத்துணி சுமந்தார். பிறகு ஒரு பனியன் கம்பெனியில் கூட்டிப் பெருக்கி, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, அப்படியே மெஷின் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஷெட் கிடைத்ததும் முதல் வேலையாக ஒரு வெள்ளைச் சட்டை தைத்தார். அது அவர் உடம்பைப் போல இரண்டு உடம்புக்குப் போதும். தோள் முழங்கையில் தொங்கியது.

"என்னங்க, டெய்லர் அளவை மாத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மிணி. மொதலாளி ஆயிட்டா ஒடம்பு வந்துருமுங்க. வர்றப்போ சட்டை தயாரா இருக்கோணுமில்லீங்களா?"

சட்டை தயாராக இருந்தது. மெஷினும் வந்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், நெடுநேரம் பேசினார்கள். கரண்டு மட்டும் வரவில்லை. அது வருகிற வரைக்கும் மெஷினைக் கையால் சுற்றினார். கரண்டும் ஒரு வழியாக வந்தது. வேலைக்கு வந்த ஆள்தான் நிற்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நம் ஆள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைச் சட்டை போட்டால் மொதலாளி. சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையும் பனியனுமாக நின்றால் தொழிலாளி. கம்பெனி அமோகமாக நடக்க ஆரம்பித்தது.

காலையில் வாசலில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை மொதலாளி சுத்தியலால் அடிப்பார். உடனே உள்ளே ஓடிச் சட்டையைக் கழற்றி, பின்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு முன்வாசலில் தொழிலாளியாக வந்து சேர்வார். அதற்குள் மணி அடித்து முடிந்திருக்கும். அதனால் தொழிலாளி தினமும் லேட்.

"ஏப்பா, மணி அடிச்சது காதுல உளுகலையா?" இது மொதலாளி. கட்டைக் குரல்.

"பஸ்ஸு லேட்டுங்க." இது தொழிலாளி. பணிவான குரல்.

"நேத்தும் பஸ்ஸு, இன்னைக்கும் பஸ்ஸு. பஸ்ஸுக்காரன்கிட்டயே போயி வேலை கேளு!"

"நாளைக்கு வெரசா வந்தர்றனுங்க."

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு கட்டைக் குரல் இறங்கி வரும். "சரி சரி, மொகத்தத் தொங்கப் போடாத. சோறுண்டயா?"

"உண்டனுங்க."

"அப்பறமென்ன, மெஷினப் போடு."

எந்தத் திட்டானாலும் முடிவில் இந்தக் கேள்வி தப்பாமல் வரும். நூல் அறுந்ததற்குத் திட்டு, சோறுண்டயா. துணியில் ஓட்டை விழுந்ததற்குத் திட்டு, சோறுண்டயா. பேட்டைக்குப் புதிதாக வந்தவர்கள் உள்ளே இரண்டு பேர் இருப்பதாகவே நினைத்தார்கள். அதில் தொழிலாளி நல்லவன், மொதலாளிக்குத்தான் வாய் அதிகம் என்று ஒருவர் என்னிடமே அபிப்பிராயம் சொன்னார்.

ஒரு வருஷம் போனஸ் கேட்டு ஊர் முழுக்கப் பனியன் கம்பெனிகளில் வேலைநிறுத்தம். பேட்டையே அடங்கிக் கிடந்தது. எதிர் ஷெட்டில் மட்டும் மெஷின் கடகடவென்று ஓடியது. சங்கத்துக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்து கதவைத் தட்டினார். காக்கி அரைக்கால் சட்டையில் நம் ஆள் வெளியே வந்தார்.

"ஏப்பா, ஸ்ட்ரைக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"மொதலாளி சொல்லலீங்க."

"மொதலாளி எப்படிய்யா சொல்லுவாரு? எங்க அந்த ஆளு?"

"உள்ளதான் இருக்காருங்க. சித்தெ இருங்க, கூப்புடறன்."

உள்ளே போனார். தொளதொளச் சட்டையோடு வெளியே வந்தார். "என்னங்க சத்தம் இங்க?"

சங்கத்துக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. "உங்க ஆளை வெளிய அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து தொழிலாளி தன் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மொதலாளி ஒழிக!" என்று அவர் போட்ட கோஷம் என் டைப்ரைட்டரைத் தாண்டிக் கேட்டது. நடுவில் எழுந்து உள்ளே போய், சட்டையை மாட்டி, ஜன்னலில் தலையை நீட்டி, "ரொம்பக் கத்தாதப்பா, தொண்டை கட்டிக்கும்" என்பார். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் சமாதானம் ஆகி மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இவர் மட்டும் வாசலிலேயே இருந்தார்.

"என்னங்க, இன்னுமா முடியல?" என்றேன்.

"மொதலாளி பிடிவாதக்காரருங்கம்மிணி. ஆனா மனுசன் நல்லவருதான். எறங்கி வந்துருவாருங்க."

இறங்கி வந்தார். தொழிலாளிக்கு ஒரு வேட்டியும் ஜாங்கிரிப் பொட்டலமும் கிடைத்தன. ஜாங்கிரியில் பாதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்து, "நாங்க ஜெயிச்சுட்டமுங்க" என்றார். யார் அந்த நாங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜாங்கிரி நன்றாக இருந்தது.

இப்படியே காலம் போயிருந்தால் நான் சிரித்துக்கொண்டே ரிட்டையர் ஆகியிருப்பேன். வடக்கு ஷெட்டுக்காரர் விடவில்லை. 'சலுகை ஷெட்டில் தொழில் நடக்கவில்லை, ஒரு பைத்தியக்காரன் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறான்' என்று மேலே மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். சலுகை ஷெட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்கே வெளியாட்களுக்கு வேலை கொடுத்துத் தொழில் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் ஷெட்டைத் திரும்ப எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அந்த வேறு ஆள் யார் என்பதைச் சுவரில் இருந்த சுண்ணாம்புக் கோடே சொல்லும். கோயம்புத்தூரிலிருந்து ஆபீசர் பார்வையிட வருகிறார் என்று தாக்கீது வந்தது. மேனேஜர் உட்காரக்கூட மறந்து நின்றார். "இந்தத் தடவை தாங்காதும்மா" என்றார்.

நான் எதிர் ஷெட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆள் இருக்கறானுங்களே" என்றார், தன் காக்கியைத் தொட்டுக் காட்டி.

"அந்த ஆள் உங்களைத் தவிர வேற ஆளா இருக்கணுங்க."

மெஷினை நிறுத்தினார்.

"நான் கூப்புடாமயா இருக்கறனுங்க?" என்றார். அப்போதுதான் முழுக் கதையும் சொன்னார்.

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். முதலாளி கையால் கொடுப்பார். தொழிலாளி இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒத்திக்கொள்வார். ஆரம்பத்தில் டவுனிலிருந்து இரண்டு பேர் இவரிடம் வேலைக்கு வந்தார்கள். நன்றாகத்தான் வேலை செய்தார்கள். சனிக்கிழமை வந்தது. "மேசை மேல வெச்சுருங்க, எடுத்துக்கறம்" என்றார்கள். வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் மேசைதான்.

"அப்பறம் ஒரு நா, 'மேசையா உங்களுக்கு வேலை குடுத்துச்சு? கையில வாங்குங்கப்பா'ன்னு சொன்னனுங்க. எங்கையவே பாத்துட்டு நின்னாங்க. அந்த வாரச் சம்பளமே வேண்டாம்னு போயிட்டாங்கம்மிணி."

"உங்க ஆளுங்களைக் கூப்பிடலாமே?"

"பாதிப் பேரு பண்ணையத்துல மாட்டிட்டுக் கெடக்கறாங்க, பண்ணாடிங்க உட மாட்டாங்க. தங்கச்சி பையனக் கூட்டியாந்தன். என்னைய மொதலாளின்னு கூப்புடச் சொன்னா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறானுங்க. நாள் பூரா சிரிச்சுட்டு, பொழுதோட 'மாமா, என்னால முடியாது'ன்னு ஓடிட்டான்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கார் ஷெட் கொடுத்தது, மெஷின் கொடுத்தது, கரண்டு கூடக் கொடுத்துவிட்டது. அந்த மனிதர் கையிலிருந்து வாங்குவதற்கு நீளுகிற இரண்டு கைகளை மட்டும் எந்த இலாகாவாலும் கொடுக்க முடியவில்லை. ஆபீசுக்குத் திரும்பி வந்து அன்று நான் அடித்ததெல்லாம் பிழையாக வந்தது.

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். மேனேஜர் முன்னால், நான் கோப்போடு பின்னால். வடக்கு ஷெட்டுக்காரர் தன் வாசலில், தற்செயலாக நிற்பவர் மாதிரி நின்றார். அவருடைய ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மொதலாளி வெள்ளைச் சட்டையில் ஆபீசரைக் கும்பிட்டு வரவேற்றார்.

"ஆட்கள் எங்கே?" என்றார் ஆபீசர்.

"உள்ள இருக்காங்க சார். ஒவ்வொருத்தனா அனுப்பறன்."

உள்ளே போனார். காக்கியும் ஸ்பேனருமாக வந்து, "ஃபிட்டருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கத்தரிக்கோலோடு வந்து, "கட்டிங் மாஸ்டருங்க" என்றார். மூன்றாவதாக அயர்ன் போடுகிறவர் வந்தார். அவருக்கு மட்டும் மீசை இருந்தது. அயர்ன் பெட்டிக் கரியால் போட்ட மீசை. ஒரு பக்கம் காதை நோக்கிக் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எல்லாரும் ஒரே ஜாடையா இருக்காங்களே?"

"அண்ணந்தம்பிகளுங்க சார்."

"நல்லது. மூணு பேரையும் ஒண்ணா நிக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

அவர் அசையவில்லை. வேர்வையில் மீசை கரைந்து உதட்டோரம் இறங்கியது. மேனேஜர் கூரையில் ஏதோ தேடினார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் மன்னிக்கவில்லை. இத்தனை வருஷம் நானும்தான் சிரித்தேன், ஆனால் அது வேறு சிரிப்பு என்று சண்டை போட வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் சோற்றுத் தூக்குப்போசியும் கையுமாக எதிர் ஷெட்டுக்குள் வந்தாள். மயிலாத்தா. வடக்கு ஷெட்டில் கைமடி வேலை, அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற வேலை பார்ப்பவள். காலனி இல்லை, ஊர்த்தெருவைச் சேர்ந்தவள். அவளுடைய டெய்லரின் மெஷின் நடுச்சுவரை ஒட்டி இருந்தது.

"மொதலாளி, எனக்கு ஒரு வேலை குடுப்பீங்களா?" என்றாள்.

சிரிப்பு நின்றது. வடக்கு ஷெட்டுக்காரர் அங்கிருந்தே கத்தினார். "ஏ மயிலாத்தா! உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அங்க எதுக்குப் போற?"

அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "இத்தன வருசமா செவுத்துக்கு இந்தப் பக்கம் நடக்கறதக் கேட்டுட்டேதானுங்க வேலை செய்யறன். இந்த மொதலாளி திட்டாத திட்டு இல்லீங்க. ஆனா ஒவ்வொருக்காவும் திட்டி முடிச்சுப்போட்டு, சோறுண்டயான்னு கேப்பாருங்க. நீங்களுந்தான் திட்டறீங்க. ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

"அடி கிறுக்கி, அது அவன் அவனையே கேட்டுக்கிட்டதுடி!"

"தன்னையே கேட்டுக்கறவரு என்னையக் கேக்க மாட்டாருங்களா?"

ஆபீசர் மொதலாளி பக்கம் திரும்பி, "என்ன சொல்றீங்க? இவங்களை வேலைக்கு எடுத்துக்கிறீங்களா?" என்றார்.

மொதலாளி வாயைத் திறந்தார். தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார். காக்கியும் பனியனும். "சித்தெ இருங்க சார்" என்று உள்ளே ஓடினார். ஆள் எடுப்பது தொழிலாளி வேலை இல்லையே! வெள்ளைச் சட்டையை மாட்டி, பொத்தானை மாற்றிப் போட்டு, நாற்காலியில் போய் நேராக உட்கார்ந்தார். கரி மீசை அப்படியே இருந்தது. கட்டைக் குரலை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை.

"உள்ள வா... வாங்க. சோறு... சோறுண்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க, மொதலாளி."

"மொதல்ல உக்காந்து சோறுண்ணுங்க. வேலை எங்கியும் போயராது."

ஆபீசர் எதையோ தும்மல் மாதிரி அடக்கிக்கொண்டார். "ஒருத்தர் இருக்காங்க. நான் அடுத்த தடவை வரும்போது இன்னும் சில பேர் இருக்கணும். அண்ணன் தம்பிகள் கணக்கில் வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். ஷெட் தப்பியது. மேனேஜர் அன்றைக்குத்தான் நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஏதோ கையெழுத்து வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். ஷெட் வாசலில் மேசை கிடந்தது. காலையிலேயே அதைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார். சம்பளத்தை வைக்க உள்ளே இடமே இருக்கக் கூடாதாம். மயிலாத்தா வந்து நின்றாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். அவள் யோசிக்கக்கூட இல்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒத்திக்கொண்டாள்.

அடுத்த நிமிஷம் மொதலாளியும் தன் வெறும் கைகளைத் தூக்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டார். பழக்கதோஷம். இத்தனை வருஷமாகச் சனிக்கிழமை தோறும் வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கி, அவர்தானே ஒத்திக்கொண்டிருந்தார்! மயிலாத்தா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியாத நிலையில் இருந்தார். நான் கையெழுத்தை மறந்து திரும்பி வந்தேன். ஆபீஸ் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மயிலாத்தாவைப் பார்த்து அவள் நாத்தனார் வந்தாள். பிறகு ஒரு டெய்லர், அப்புறம் இன்னொருவர். எல்லோரும் மொதலாளி என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியதும் தங்கச்சி பையனும் சிரிக்காமல் கூப்பிடக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தான். ஆபீசர் அடுத்த தடவை வந்தபோது அவருக்கு நிற்க இடம் இல்லை. வடக்கு ஷெட்டுக்காரர் சுவரில் இருந்த கோட்டின் மேல் வெள்ளை அடித்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று மொதலாளி என்னைக் கூப்பிட்டார். மெஷினுக்கு மாலை, கத்தரிக்கோலுக்குப் பொட்டு. ஆணியில் தொங்கிய காக்கிக்கும் ஒரு மாலை.

"அவனுக்கு ரிட்டையர்மென்ட் குடுத்துட்டனுங்கம்மிணி. நல்ல வேலைக்காரன். பஸ்ஸுதான் அவனுக்கு ஒத்து வரல." காக்கியில் சரிந்திருந்த மாலையை நேராக்கினார். "இவங்கெல்லாம் நான் திட்டுனா சரிங்கன்னுட்டுப் போயிடறாங்க. அவனாட்டம் எதுத்துப் பேச ஆளில்லீங்க."

கொஞ்ச நாளில் எனக்கு ஈரோட்டுக்கு மாற்றலாகியது. கிளம்புகிற அன்று ஒரு பெரிய பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் பனியன்.

"எனக்கெதுக்குங்க பனியன்?"

"உங்க ஊட்டுக்காரருக்குங்க."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

"அதனாலதானுங்க எல்லா அளவுலயும் ஒண்ணு வெச்சிருக்கறன். வர்ற மாப்பிள்ளை எப்படி இருப்பாரோ, ஆரு கண்டா?"

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும்தான் வாங்கினேன்.

மாப்பிள்ளை எந்த அளவிலும் வரவில்லை. வேலை, அம்மாவின் வைத்தியம், தம்பிகளின் படிப்பு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. பனியன்கள் பெட்டியில் இருக்கின்றன. மார்கழிக் குளிர் தாங்காதபோது பெரிய அளவை எடுத்து ரவிக்கை மேலேயே மாட்டிக்கொள்கிறேன். இன்னும் ஒரு தையல் பிரியவில்லை.

ரிட்டையர் ஆனபின் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போயிருந்தேன். கால் தானாகப் பேட்டைக்குப் போனது. சோளக்காட்டைக் காணோம். எதிர் ஷெட் இருந்த இடத்தில் மாடி எழும்பியிருந்தது. என் ஜன்னலையும் காணோம். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"மொதலாளியைப் பார்க்கணும்" என்றேன்.

"எந்த மொதலாளிங்க? இங்க எல்லாருமே மொதலாளிதானுங்க."

விவரம் சொன்னதும் வயதான அவருக்கு ஞாபகம் வந்தது. "அடடா, அவருங்களா? அவரு போயிச் சேர்ந்து வெகு காலமாச்சுங்களே. கடைசி வரைக்கும் அந்தத் தொளதொளச் சட்டைதானுங்க" என்றார். உடம்பு வரவே இல்லை போலிருக்கிறது. வந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன். வழி முழுக்க ஜன்னலோரமாக உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது உடுமலையில் தனியாக இருக்கிறேன். வீட்டில் முதலாளியும் நான்தான், வேலைக்காரியும் நான்தான். பாலைப் பொங்க விட்டால் திட்டுகிறேன். சாவியைத் தொலைத்தால் திட்டுகிறேன். எதிர்த்தும் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழத்தான் செய்யும், விழட்டும். அந்த மனிதர் 'அம்மிணி' என்று கூப்பிட்ட மாதிரி என்னை இப்போது கூப்பிட யாரும் இல்லை. அதனால் எல்லாத் திட்டும் முடிந்த பிறகு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நானே கேட்டுக்கொள்கிறேன். "சரி சரி, சோறுண்டயா, அம்மிணி?"